26 வருடம் மட்டும் இருந்த புதுக்கோட்டை!

புதுக்கோட்டைக்குப் புதிதாக வருபவர்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு நிமிடம் தயங்கி நிற்பது சகஜம். மனுவோடு வந்த இடம் அரண்மனையாக இருந்தால் யார்தான் தயங்க மாட்டார்கள்? அது நிஜமாகவே அரண்மனைதான். கடைசி மன்னர் ராஜகோபால தொண்டைமான் அரசுக்கு விட்டுக்கொடுத்த கட்டடம்.

மன்னர் காலக் கதை பலருக்குத் தெரியும். கலெக்டர் வந்த பிறகு நடந்தவையும் தெரியும். இரண்டுக்கும் நடுவே 1948 முதல் 1974 வரை இந்த ஊர் என்னவாக இருந்தது என்று கேட்டால்தான் பதில் வராது. திருச்சி மாவட்டத்தின் ஒரு கோட்டமாக இருந்தது, அவ்வளவே. அந்த 26 வருடத்துக்கு ஊரில் ஒரு நினைவுச்சின்னம்கூடக் கிடையாது.

இழப்பு எவ்வளவு பெரிது என்று புரிய, முதலில் கீழ ராஜ வீதியில் நடக்க வேண்டும். கட்டம் போட்ட நோட்டில் வரைந்தது போன்ற நேர்நேரான தெருக்கள். ராஜ வீதியைத் தாண்டினால் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண்களிலேயே பெயர். 1878-ல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி ஊரைச் சீரமைத்ததற்கான அடையாளம் இது. புதுக்குளத்தையும் அவர் காலத்தில்தான் சீர்செய்தார்கள். இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் தலைநகரோடு முழுசாக அடங்கியிருந்த சமஸ்தானம் இது ஒன்றுதான். சீஃப் கோர்ட், 1924-லிருந்து சட்டசபை, தனி நாணயம் எல்லாம் இருந்தன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி படித்த மகாராஜா கல்லூரியும் இங்கேதான்.

அந்த நாணயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அம்மன் காசு என்று பெயர். சுண்டுவிரல் நகத்தளவே இருக்கும் செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. 20 காசு சேர்ந்தால் ஓர் அணா, 320 சேர்ந்தால் ஒரு ரூபாய். நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் சேர்த்துக் கொடுப்பார்கள். திருக்கோகர்ணத்து அம்மனுக்கு 'அரைக்காசு அம்மன்' என்று பெயர் வந்ததும் அப்படித்தான். இன்றும் வீட்டில் சாவி தொலைந்தால் அம்மனுக்கு வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொள்ளும் பாட்டிகள் உண்டு. அந்தப் பாட்டி சென்னை அபார்ட்மென்ட்டில் இருந்தாலும் வேண்டுதல் புதுக்கோட்டைக்குத்தான். கோயிலுக்குப் போகிறவர்கள் திருக்கோகர்ணத்திலேயே இருக்கும், 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகத்தையும் எட்டிப் பார்த்துவிடலாம்.

1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. மன்னருக்கு அப்போது 25 வயது. கஜானாவில் இருந்த 48 லட்சம் ரூபாயையும் அப்படியே ஒப்படைத்தார் என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். இணைப்பு அமைதியாகத்தான் நடந்தது. ஆனால் நேற்றுவரை தலைநகராக இருந்த ஊர், ஒரே நாளில் இன்னொரு மாவட்டத்தின் ஓரமாகிவிட்டது. குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என்ற மூன்று தாலுகாக்களும் திருச்சிக்குப் போயின. கரூரும் பெரம்பலூரும் அரியலூரும்கூட அன்று அதே திருச்சிக்குள்தான். அவ்வளவு பெரிய மாவட்டத்தில் தெற்கு மூலையில் இருப்பவன் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்? திருமயத்துக்காரர் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால், புதுக்கோட்டை வந்து, அங்கிருந்து மேலும் 55 கிலோமீட்டர் போக வேண்டும். மழை பொய்த்தால் கண்மாய் வறண்டுபோகும் பூமியில், வேலையை விட்டுவிட்டு ஒரு நாள் போய்வருவது லேசான காரியமில்லை.

நிர்வாகக் கோடுகள் இப்படி அடிக்கடி மாறுவது நம் ஊரில் மட்டும் இல்லை. பல இனங்கள் வாழும் நைஜீரியாவில் 1963-ல் வாக்கெடுப்பு நடத்தி, மேற்குப் பிராந்தியத்திலிருந்து 'மத்திய மேற்குப் பிராந்தியம்' என்று ஒன்றைப் பிரித்தார்கள். நான்கே வருடத்தில், 1967-ல், பிராந்தியங்கள் என்ற ஏற்பாடே ஒழிந்து 12 மாநிலங்கள் வந்தன. அந்த மத்திய மேற்கு பிறகு பெண்டெல் ஆகி, 1991-ல் எடோ, டெல்டா என இரண்டாகப் பிரிந்தது. புதுக்கோட்டையில் வாக்கெடுப்பு எதுவும் கிடையாது. அரசு உத்தரவு, அவ்வளவுதான்.

1971-ல் மன்னர்களின் மானியம் நாடு முழுக்க நிறுத்தப்பட்டது. அடுத்த மூன்றாவது வருடம், 1974 ஜனவரி 14 அன்று, கருணாநிதி முதல்வராக இருந்தபோது புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது. பொங்கல் நேரத்துப் பரிசு! வந்தது பழைய சமஸ்தானம் மட்டும் அல்ல. தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பக்கத்தையும் பிரித்துச் சேர்த்தார்கள். தொண்டைமான்களின் சீமைக்குக் கடல் கிடையாது. கலெக்டரின் மாவட்டத்துக்கோ மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று சுமார் 42 கிலோமீட்டர் கடற்கரை கிடைத்தது. இந்த மாற்றத்தில் ரொம்பவே சுவாரஸ்யமான விஷயம் இதுதான். ஆனாலும் சித்தன்னவாசலுக்குப் போகும் கூட்டத்தில் பாதிகூட அந்தக் கடற்கரைப் பக்கம் திரும்புவதில்லை.

தனி மாவட்டம் ஆனதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு 1990-களின் தொடக்கத்தைக் காட்டலாம். அறிவொளி இயக்கம் மாவட்டம் மாவட்டமாக நடந்தது. புதுக்கோட்டையில் எழுத்தோடு சேர்த்து, கிராமத்துப் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு பெண்கள் ஓட்டிப்போன காட்சி நாடு முழுக்கப் பேசப்பட்டது. திருச்சியின் ஒரு கோட்டமாகவே இருந்திருந்தால் இது இந்த அளவுக்கு நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஒரு நாள் கையில் இருந்தால் காலையில் திருக்கோகர்ணம், பிறகு ராஜ வீதிகள், அரண்மனையை வெளியிலிருந்து ஒரு பார்வை. வேலை நாளில் போனால் மனு எழுதிக் கொடுப்பவர்களையும் பார்க்கலாம். மதியம் அறந்தாங்கி வழியாக மணமேல்குடிக்குக் கிளம்பிவிடுங்கள். வெயில் தாழ்ந்ததும் அந்தப் பக்கம் காற்று நன்றாக இருக்கும்.