வண்டலூரில் ஒரு புதன்கிழமை

திங்கள், இரவு

அண்ணன் மகள் அரையாண்டு விடுமுறைக்கு வந்திருக்கிறாள். திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கிய கையோடு கேட்டது வண்டலூர்தான். நாளைக்கே போக வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை உயிரியல் பூங்காவுக்கு விடுமுறை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. புதன் என்று பேசி முடித்தோம்.

"உயிர் காலேஜுக்கா?" என்றாள் அம்மா. அவளுக்கு வண்டலூர் என்ற பேரே வாயில் வராது. சிறுமியாக அவள் பார்த்தது சென்ட்ரலுக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த பழைய பூங்கா. எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ், இது உயிர் காலேஜ். இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவைதான். மியூசியத்தை நடத்திய எட்வர்ட் பால்ஃபர் 1855இல் அந்த வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டினார். பிறகு அவை அம்மா பார்த்த அந்த சென்ட்ரல் பக்கத்து பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூர் காட்டுக்கு வந்து சேர்ந்தன. அம்மாவுக்கு நினைவில் நிற்பது கம்பிக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்த ஒரு கரடியும், மூக்கைப் பொத்தவைத்த நெடியும். "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்றுவிட்டாள்.

புதன், இரவு

கால் வலிக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டுத்தான் படுக்கை.

காலையில் எலக்ட்ரிக் ட்ரெயினில் போய், திறந்த கொஞ்ச நேரத்திலேயே உள்ளே நுழைந்தோம். பூங்கா 602 ஹெக்டேர். எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று கிளம்பினால் ஒன்றையும் பார்க்காமல்தான் திரும்ப வேண்டும். பேட்டரி கார் வேண்டாம் என்று நடந்தோம். 2016 டிசம்பரில் வர்தா புயல் இங்கே ஆயிரக்கணக்கில் மரங்களைச் சாய்த்தது. அப்போது வந்து பார்த்தவர்களுக்குத்தான் இன்றைய நிழலின் அருமை தெரியும்.

முதலில் வெள்ளைப்புலி, அவள் கட்டளை. அகழிச் சுவரோரம் நான்கு வரிசைக் கூட்டம், விசில், செல்ஃபி. புலி அவர்கள் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. நியாயமான முடிவு.

"இது வேற சாதிப் புலியா அத்தை?" என்றாள். இல்லை. நம் வங்கப்புலியேதான். ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால் ஆரஞ்சு நிறம் மட்டும் விட்டுப்போகிறது, கறுப்பு வரி அப்படியே தங்கிவிடுகிறது. 1951இல் ரீவா மகாராஜா காட்டில் ஒரு வெள்ளைக் குட்டியைப் பிடித்து வந்து மோகன் என்று பேர் வைத்தார். இன்று பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை அதன் வம்சம். நிறம் போய்விடக் கூடாது என்று சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வளர்த்தார்கள். மோகனை அதன் மகளோடேயே சேர்த்தார்கள் என்பதை மட்டும் குழந்தையிடம் சொல்லவில்லை. பல வெள்ளைப்புலிகளுக்கு மாறுகண் இருப்பதும் இந்த நிறத்தோடு ஒட்டிவந்த கோளாறுதான். காட்டில் புலியைக் காப்பாற்றுவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வெள்ளைத்தோல் மோகம் புலி வரைக்கும் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

சிங்கங்களைத் தூரத்தில் பார்த்தோம். 2021 ஜூனில் கொரோனா இவற்றையும் விடவில்லை; நீலா என்ற பெண்சிங்கம் செத்துப்போனது. அதைச் சொன்னதும், "அதுக்கு யாரு மாஸ்க் போடுவா?" என்று கேட்டாள்.

அங்கிருந்து சோலைமந்தி. பலகையில் சிங்கவால் குரங்கு என்று இருக்கும். வந்தவர்கள் "குரங்குதான்" என்று எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார்கள். எங்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. அரைமணிக்கு மேல் நின்றிருப்போம்.

மினுமினுக்கும் கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளி நரைப் பிடரி, வால் நுனியில் ஒரு குஞ்சம். வயதான பெண் ஒன்று வேர்க்கடலையை நிதானமாக உடைத்து, பருப்பை மெல்லாமல் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஒரு பொடிசு கையை நீட்டியதும் தலையைத் திருப்பிக்கொண்டது. கன்னம் புடைத்து, பல்வலிக்காரர் மாதிரி ஆன பிறகு மேலே ஏறி உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை வெளியிலிருந்து அழுத்தி ஒவ்வொரு பருப்பாக வாய்க்குள் தள்ளித் தின்றது. பார்த்துக்கொண்டிருந்தவள் தன் கன்னத்திலும் புறங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

உலகத்தில் வேறெங்கும் கிடையாது, மேற்குத் தொடர்ச்சி மலை மட்டும்தான் இதற்கு வீடு. மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழ்கிற உயிர். நடுவில் தேயிலை எஸ்டேட் வந்துவிட்டால் ஒரு சோலையிலிருந்து அடுத்த சோலைக்குப் போக வழியில்லை, கூட்டம் அங்கேயே சிறைப்பட்டுவிடும். வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுகின்றன என்பதால் மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். அவையும் அதில் போய்ப் பழகிவிட்டன.

நீலகிரிக் கருமந்தியின் கதை இன்னும் மோசம். கருங்குரங்கு லேகியத்துக்காகவே அதைச் சுட்டுத் தள்ளினார்கள். வயதானவர்கள் சிலர் இன்றும் அந்த லேகியத்தை மரியாதையோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

நீர்யானை ஒன்று கரையில் ஏறி, சாணி போடும்போது குட்டை வாலை விசிறி மாதிரி ஆட்டி எட்டுத் திக்கும் தெறிக்கவிட்டது. தன் எல்லையைக் குறிக்க அது செய்கிற வேலை என்று விளக்க வாயெடுத்தேன், யார் கேட்டார்கள்? வேலியோரம் இருந்த பிள்ளைகள் எல்லாம் தரையில் உருளாத குறை.

முதலைத் தொட்டியில் ஒருவர் பொடிக்கல்லை வீசிக்கொண்டிருந்தார். "உசுரோட இருக்கான்னு பார்க்கறேன்" என்றார். "மாமா, தூங்கும்போது உங்க மேல யாராச்சும் கல்லைப் போட்டா நல்லா இருக்குமா?" என்று இவள் கேட்டதில் மனைவிக்கு முன்னால் அசடு வழிந்துகொண்டே நகர்ந்தார். முதலை வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடப்பது உடம்புச் சூட்டைத் தணிக்க. அடுத்த தொட்டியில் கரியால். மெலிந்து நீண்ட மூக்கு, நூற்றுக்கு மேல் பல், எல்லாம் மீன் பிடிக்க. வளர்ந்த ஆணுக்கு மூக்கு நுனியில் பானை கவிழ்த்த மாதிரி ஒரு புடைப்பு. வடக்கே சம்பல் ஆற்றுக்காரர்கள் இவர்கள்.

சிங்க உலா வண்டிக்கு வரிசை வளைந்து போயிருந்தது. விட்டுவிட்டோம். ஓட்டேரி ஏரியில் பறவைகள் நிறைய. அவற்றுக்கு வேலியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. அதற்குள் இவளுக்குப் பசி வந்துவிட்டது.

வியாழன்

காலையில் அண்ணன் போன். "புலி பார்த்தியா, சிங்கம் பார்த்தியா?" என்று கேட்டிருக்கிறான். "அதெல்லாம் படுத்துக் கிடந்துச்சுப்பா" என்று முடித்துவிட்டு, நீர்யானையை அம்மா காதில் கையை வைத்துக்கொள்ளும் அளவுக்கு விவரமாகச் சொன்னாள். அடுத்து சோலைமந்தி, கன்னம், புறங்கை. மே மாத விடுமுறைக்கு வால்பாறை கூட்டிப்போவதாக வாக்கும் வாங்கிவிட்டாள். அண்ணன் என்னிடம், "ஏட்டி, அங்கே ரூம் வாடகை எவ்வளவு வரும்?" என்கிறான். விசாரிக்க வேண்டும்.