களம் காத்த பெரியவர்

ஆடுவோரைப் போற்ற ஆயிரம் நா உண்டு. ஆடுகளத்தைச் செம்மை செய்து வைத்தவரை நினைப்பவர் மிகச் சிலரே. அவ்வாறு நினைக்கத் தக்க தொண்டர் பலரைப் பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டின் சிற்றூர் ரக்பிக் கழகங்களில் காணலாம்.

ரக்பி என்பது அணிக்கு 15 பேராக நின்று, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி ஆடும் ஆட்டமாகும். இங்கிலாந்தில் ரக்பி என்னும் ஊரிலுள்ள பள்ளியே அதற்குப் பெயர் தந்தது. வேல்ஸில் அதனை நெறிப்படுத்தும் சங்கம் 1881ஆம் ஆண்டில் தோன்றியது. தென் வேல்ஸின் பள்ளத்தாக்குகளில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்த காலத்தில், வாரமெல்லாம் நிலத்தடியில் உழைத்த மக்கள் சனிக்கிழமைப் பிற்பகலில் பசும்புல் தரையில் கூடினர், ஆடினர், கண்டு களித்தனர்.

அத்தகைய ஊர்க் கழகம் ஒன்றின் பெரியவரை மனக்கண்முன் நிறுத்திக் காண்க. இளமையில் அவரும் ஆடியவரே. முழங்கால் தளர்ந்தபின் அவர் களத்தைவிட்டு அகன்றாரல்லர். எல்லைக்கோட்டிற்கு வெளியே நின்று தொண்டைத் தொடங்கினார். பனிக்கால விடியலில், பிறர் போர்வைக்குள் முடங்கிக் கிடக்க, அவர் களத்தில் வெண்கோடு இட்டுக்கொண்டிருப்பார். மூலைகளில் கொடி நடுவார். ஆட்டம் நிகழும் 80 நிமிடமும் நீரும் முதலுதவிப் பெட்டியும் ஏந்தி, வீழ்ந்தவரிடம் விரைவார். ஆட்டம் முடிந்தபின் சேறு படிந்த சட்டைகளை எண்ணிச் சேர்ப்பார்; தம் அணியினர், எதிரணியினர் என்னும் வேறுபாடின்றி உணவளிப்பார். எல்லோரும் சென்றபின் விளக்கணைத்துக் கதவடைப்பவரும் அவரே. இத்தனைக்கும் அவர் ஒரு காசும் பெறுவதில்லை.

ஊதியம் பெறாமை எல்லாம் உயர்வாகிவிடாது என்பதையும் ஈண்டு உணர்தல் வேண்டும். ஆடுவோர் பொருள் பெறலாகாது என்ற பழைய விதி எளியோரை வருத்தியது. ஆட்டத்தின் பொருட்டுக் கூலியை இழந்த தொழிலாளர்க்கு அதனை ஈடு செய்தல் வேண்டும் என வட இங்கிலாந்துக் கழகங்கள் கேட்டன. அது மறுக்கப்படவே, அவை 1895ஆம் ஆண்டில் பிரிந்து சென்று தனிச் சங்கம் கண்டன. அவ்விதி நீங்குதற்கு மேலும் நூறாண்டு கழிந்தது. 1995இல்தான் அது நீக்கப்பட்டது. இல்லாதவன் கூலியை விதியைக் காட்டித் தடுப்பது அறமன்று; உள்ளம் உவந்து ஒருவன் தானே தருவதே தொண்டு. ஊரோடு ஒத்து உதவி வாழும் அப்பண்பை வள்ளுவர் ஒப்புரவு என்றார். அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார்.

அத்தொண்டின் அருமை, ஊருக்குத் துன்பம் வந்தபோது புலனாயிற்று. 1984-85இல் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குப் பின், சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஊரை ஒன்றாகப் பிணித்திருந்த தொழில் மறைந்தது. வேலையிழந்தோரும் அவர்தம் பிள்ளைகளும் ஒருங்கு கூடுதற்கு எஞ்சிய இடங்களுள் ரக்பிக் களமும் ஒன்று. அங்கே புல் வெட்டப்பட்டு, கோடுகள் இடப்பட்டு, கதவு திறந்திருந்தது என்றால், அதற்குக் காரணம் பெரியவர் போன்றாரின் கைகளேயன்றோ!

ஆண்டு விழாவில் இத்தகையாரை மேடைக்கு அழைத்து, வாழ்நாள் உறுப்பினர் என்னும் சிறப்பை நல்கும் வழக்கம் உண்டு. அப்போது கையொலி கூடத்தை நிறைக்கும்; முதியவர் நாணித் தலை குனிவார். ஆயினும், அடுத்த சனிக்கிழமை விடியலில் கோடிடும் கருவியைத் தள்ளிக்கொண்டு அவரே தனியே செல்ல நேருமாயின், அப்பாராட்டினால் விளைந்த பயன் யாது?

ரக்பி ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. பந்தை ஏந்தி ஓடுபவன் அதனைக் கையால் முன்னோக்கி எறிதல் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருபவனுக்கே தருதல் வேண்டும். வாங்குவதற்கு ஒருவனும் அருகில் இல்லையாயின், எத்துணை விரைவாக ஓடியவனும் எதிரணியினரால் மடக்கப்படுவான். பெரியவர் நெடுந்தூரம் ஓடிவிட்டார். அவர் கை நீட்டும்போது, வாங்கிக்கொள்ள ஓர் இளைஞன் பின்னே வந்துகொண்டிருத்தல் வேண்டும். அதுவே அவர்க்குச் செய்யும் மெய்யான சிறப்பாகும்.