பம்பில் கை வைப்பதற்கு முன்

கெடாவில் சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங் பக்கம் பழைய லோரி வைத்துப் பிழைப்பவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு பரீட்சை. வணிக வாகனங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோயாக வேண்டும். 1994-இல் வந்த புஸ்பாகோம் என்ற சோதனை நிறுவனம்தான் முப்பது ஆண்டுகள் இதற்கு ஒரே வாசலாக இருந்தது. 2024-இல் அந்தத் தனியுரிமை முடிந்தது. பிரேக், விளக்கு, டயர், சேசிஸ் எண் என்று எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் லோரிக்காரன் வயிற்றில் புளியைக் கரைப்பது புகைதான்.

டீசல் வண்டிப் புகைக்கான சட்ட விதிகள் 1996-இல் வந்தன. வரம்பு ஹார்ட்ரிட்ஜ் அளவில் 50. புகை நிரம்பிய குழாயின் ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் அதைப் படிக்கும் கருவி. ஒளியில் பாதி மறைந்தால் 50. வண்டி நிற்கிற இடத்திலேயே மிதியை அடிவரை மிதித்து விடச் சொல்வார்கள், மறுபடி மிதிக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு மிதிக்கும் திரையில் எண் ஏறும். முதலாளி அதைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார்.

இதற்கு ஊரறிந்த குறுக்குவழி ஒன்று உண்டு. முதல் நாள் மாலை பம்பில் டீசல் அளவைத் தீர்மானிக்கும் திருகாணியைக் குறைக்கும் பக்கம் முறுக்குவது, சீட்டு கைக்கு வந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது. புகை குறையும், உண்மைதான். இழுவையும் போகும். திருப்பி வைக்க மறந்தவனின் லோரியைப் பாலிங்கிலிருந்து கிரிக் போகிற மேட்டில் பார்க்க வேண்டும். சரக்கோடு முக்கி முனகி ஊர்ந்துகொண்டிருக்கும், பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அமுக்கியபடியே வருவார்கள். இதைத் தந்திரம் என்று பெருமையாகச் சொல்பவர்களை நான் மதிப்பதில்லை. நோய்க்கு மருந்து கொடுக்காமல் நோயாளியின் வாயைப் பொத்துகிற வேலை அது.

என் வண்டி பழைய டைனா லோரி. பி வகை இஞ்சின், 2977 சிசி. 1974 வாக்கில் லாண்ட் குரூசரில் வந்த அதே இஞ்சின். அதன் பம்பில் டீசல் அளவைத் தீர்மானிப்பது காற்றின் இழுவை. இஞ்சினுக்குக் காற்று போகும் வாயில் ஒரு தகடு இருக்கிறது. மிதியை விட்டால் தகடு மூடும், அங்கே வெற்றிடம் கூடும். அந்த இழுவை ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாகப் பம்பின் பின்பக்கம் போய், அங்குள்ள தோல் சவ்வை இழுக்கும். சவ்வு டீசலைக் குறைக்கும். மிதித்தால் தகடு திறக்கும், இழுவை விழும், ஸ்பிரிங் சவ்வைத் தள்ளி டீசலைக் கூட்டும். கம்பியும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. யோசித்தவன் கெட்டிக்காரன்.

இதில் எங்கே ஓட்டை விழுந்தாலும் கதை கந்தல். குழாயில் மயிரிழை விரிசல் போதும். வெளிக்காற்று உள்ளே புகும், இழுவை செத்துவிடும், மிதியை விட்ட பிறகும் ஸ்பிரிங் டீசலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தகடு மூடியிருப்பதால் காற்று கொஞ்சம், டீசலோ முழு அளவு. கரும்புகை வராமல் என்ன செய்யும்? சும்மா நிற்கும்போது இஞ்சின் ஏறி ஏறி இறங்கும். விரிசல் பெரிதானால் கட்டுமீறி அலறவும் செய்யும்.

புகைச் சோதனையில் என் வண்டி தோற்றதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெரும்பாலோர் சொன்னது, பம்பைக் கழற்றிக் கடையில் கொடு என்பதுதான். அதற்குச் செலவும் அதிகம், வண்டியும் நாள்கணக்கில் படுத்துவிடும். பீடோங் பக்கம் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் திருகாணிப் பக்கமே போகவில்லை.

“பம்புல கை வைக்கறதுக்கு முன்னால ஹோஸத் தொட்டுப் பாரு தம்பி. வளைச்சா நொறுங்குது பாத்தியா?”

“வெளியே பார்க்க நல்லாத்தானே அண்ணே இருக்கு?”

“வெளிய எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கிளிப்பு கடிக்கிற எடத்தப் பாரு.”

கிளிப்பைத் தளர்த்தி உருவினார். முனையில் வட்டமாக வெடிப்பு. அடுத்துச் சவ்வைச் சோதித்தார். பம்பை நிறுத்தும் நெம்பைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குழாய் சேரும் துளையைக் கட்டை விரலால் அடைத்து, நெம்பை விட்டார். சற்றே நகர்ந்து நின்றுவிட்டது. சவ்வு நல்லது. கிழிந்திருந்தால் நெம்பு சட்டென்று பழைய இடத்துக்கு ஓடிவிடுமாம். தோல் காயாமல் இருக்கச் சில துளி எண்ணெய் விட்டார்.

புதுக் குழாய் வாங்குவதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மீன் தொட்டிக்குப் போடுகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். இஞ்சின் சூட்டில் அது துவண்டு, இழுவையில் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். கெட்டியான சுவர் உள்ள, எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் குழாய்தான் வேண்டும். நம் பெற்றோர் விடியற்காலையில் வெட்டி எடுத்த பாலில் வந்த இயற்கை ரப்பர் இதற்கு உதவாது. டயருக்கு அதைப்போல் வேறில்லை. எண்ணெய் பட்டாலோ ஊதிப்போகும். ரப்பரே உலகம் என்று இருந்த கெடாத் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்பதைப் பார்க்கும்போது இதுவும் ஒரு வேடிக்கையாகத்தான் படுகிறது.

பம்பில் சேரும் இரண்டு குழாய்களையும் மாற்றினோம். ஒன்று தகட்டுப் பக்கம், மற்றது காற்று வடிகட்டிப் பக்கம். இடம் மாறிவிட்டால் மறுபடி தொல்லை என்று அண்ணன் ஒன்றில் சிவப்பு டேப் சுற்றினார். வடிகட்டியும் புதிது. ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும் வெற்றிடப் பம்பிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் பெரிய குழாயையும் விட்டுவைக்கவில்லை. அது கசிந்தால் பிரேக் மிதி கல்லாகிவிடும். மறுமுறை வண்டி தேறியது. திருகாணியின் ஈயச் சீல் இன்றுவரை உடைபடவில்லை.

கரும்புகை என்பது முழுதாக எரியாமல் போன டீசல். தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று ஒரு லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆனபோது, மானிய அட்டை இல்லாத சின்ன லோரிக்காரர்களுக்கு அது நன்றாகவே உறைத்தது. காசு ஒரு பக்கம் இருக்கட்டும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக அறிவித்தது. லயத்து வாசலில் இஞ்சினை ஓடவிட்டுச் செம்பனைக் குலை ஏற்றும் வண்டியின் புகைக்குழாய் உயரத்தில்தான் பிள்ளைகளின் மூக்கு இருக்கிறது. பொதுச்சாலைக்கு வராமல் தோட்டத்துக்குள்ளேயே ஓடும் வண்டிகள் இந்தச் சோதனை வரிசையில் வந்து நிற்பதும் இல்லை.

பழைய லோரி வைத்திருக்கும் தோழர்களே, சோதனைத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் இஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, குழாய்களை முனை முனையாக வளைத்துப் பாருங்கள். சில வெள்ளிக் காசில் முடிகிற வேலை இது. அதன் பிறகும் புகைந்தால் பம்புக் கடைக்குப் போங்கள்.