மேல்வரிசை முதலில் கலையும்

டம்ளர் தண்ணீரில் இரண்டு ஐஸ் கட்டிகளை மிதக்கவிட்டு, ஒன்றை மற்றொன்றின் மீது லேசாகத் தொடவைத்தேன். சற்று நேரத்தில் ஒன்றை விரலால் இழுத்தால் மற்றதும் கூடவே வந்தது. ஒட்டிய இடம் சின்னக் கழுத்து மாதிரி.

1850இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃபாரடே பேசியது இதைப் பற்றித்தான். ஐஸின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் உண்டு. இரண்டு பக்கமும் ஐஸ் வந்து நெருக்கினால் அது உறைந்துவிடும் என்றார். படலத்தைக் காட்டக் கருவி கிடையாது. வெறும் யூகம், ஆனால் என்ன யூகம்!

எதிர்த்தரப்பு: ஜேம்ஸ் தாம்சன், அவர் தம்பி வில்லியம் (பின்னாளில் கெல்வின் பிரபு). தொடும் இடத்தில் அழுத்தினால் உருகுநிலை இறங்கும், அதனால் உருகி மறுபடி உறைந்து ஒட்டுகிறது என்றார்கள். உண்மைதான். ஆனால் ஒரு டிகிரி இறக்கவே சுமார் 135 வளிமண்டல அழுத்தம் வேண்டும். ஸ்கேட் கத்தி அழுத்தி உருக்கித்தான் வழுக்குகிறது என்றால், கடுங்குளிரில் ஸ்கேட்டிங் போகிறவருக்கு இது எப்படிக் கட்டுப்படியாகும்? சறுக்கும்போது உராய்வுச் சூடும் சேர்கிறது என்பது வேறு விஷயம்.

ஃபாரடே சொன்ன படலத்துக்குக் காரணம் எளிது. உள்ளே இருக்கும் நீர் மூலக்கூறை நான்கு அண்டை மூலக்கூறுகள் பிடித்திருக்கின்றன. மேல்வரிசைக்கு மேலே பிடிக்க ஆளில்லை, ஆட்டம் அதிகம். பூசாத மதிலின் உச்சிச் செங்கல் மாதிரி. மைனஸ் 38 டிகிரி அளவிலேயே முதல் அடுக்கு தளர்வதாகவும், மைனஸ் 16 அளவில் அடுத்ததும் சேர்ந்துகொள்வதாகவும் 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. அதை முழுத் தண்ணீர் என்று சொல்லிவிட முடியாது. படலம் எவ்வளவு தடிமன் என்று கேட்டால், அளக்கும் முறைக்கொரு விடை வருகிறது.

ஐஸ் மட்டுமா? ஈயமும்தான். 1985இல் ஃப்ரெங்கனும் வான் டெர் வீனும் ஈயப் படிகத்தின் மேல் புரோட்டான்களைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். உருகுநிலை 327 டிகிரி. அதற்கு நாற்பது டிகிரி கீழேயே மேல் அணுக்கள் வரிசை கலைந்துவிட்டன. ஆனால் அது அணுக்கள் இடைவெளிவிட்டு அடுக்கிய முகம். அதே ஈயத்தில் அணுக்கள் நெருக்கியடித்து நிற்கும் முகம் இப்படி முன்கூட்டிக் கலைவதில்லை.

தண்ணீரைப் பூஜ்யத்துக்கு வெகு கீழே உறையாமல் கொண்டுபோகலாம்; ஐஸைப் பூஜ்யத்துக்கு மேலே உருகாமல் வைப்பது மகா சிரமம். உருகல் தொடங்க மேற்பரப்பு எப்போதும் தயாராக இருக்கிறதே! அதை மூடினால்? 1986இல் வெள்ளி மணிகளுக்குத் தங்க உறை போட்டுச் சூடாக்கினார்கள். தங்கத்தின் உருகுநிலை வெள்ளியைவிடச் சுமார் 100 டிகிரி அதிகம். 962இல் உருகவேண்டிய வெள்ளி, இன்னும் இருபத்து சொச்சம் டிகிரி ஏறியும் திடமாகவே இருந்தது.