புயலுக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகள்

மார்ச் 21

ஜான் நியூட்டன் முதுமைவரை இந்தத் தேதியை ஆண்டுதோறும் ஜெபத்தோடு நினைவுகூர்ந்தார். 1748-இல் இதே நாளில் வட அட்லாண்டிக்கில் ‘கிரேஹவுண்ட்’ என்ற கப்பல் புயலில் சிக்கிச் சேதமடைந்தது. அதிலிருந்த நியூட்டன், பக்தியைக் கேலி பேசியே பழகிய இருபத்திரண்டு வயது இளைஞர், அன்று தேவனிடம் இரக்கம் கேட்டார். கப்பல் எப்படியோ அயர்லாந்துக் கரை சேர்ந்தது. நம் சபைகளில் இதைச் சாட்சியாகச் சொல்பவர்கள் புயலிலிருந்து ஒரே தாவலில் அவர் எழுதிய ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டுக்குப் போய்விடுவார்கள். பாட்டு 1773 புத்தாண்டுப் பிரசங்கத்துக்காக எழுதப்பட்டது. நடுவிலுள்ள இருபத்தைந்து ஆண்டுகள் சாட்சியில் வருவதில்லை. தேவ இரக்கம் ஒரு விசுவாசியின் வாழ்க்கையில் என்னதான் செய்கிறது என்று கேட்பவர் பார்க்க வேண்டியது அந்த ஆண்டுகளைத்தான்.

புயலில் தப்பியவர் அடிமை வியாபாரத்தை விடவில்லை. விடாதது மட்டுமல்ல, அதில் பதவி உயர்ந்தார். 1750-க்கும் 1754-க்கும் இடையில் மூன்று பயணங்களில் அவரே கேப்டன். ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார், வேதம் வாசித்தார், ஆத்துமப் பரிசோதனைக்கென்று தனியாக ஒரு நாட்குறிப்பும் தொடங்கினார். அதே கையால் எழுதிய கப்பல் பதிவேடும் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில், வழியில் இறந்துபோன ஆப்பிரிக்கர்களுக்குப் பெயர் இல்லை, எண் இருக்கிறது. அவரைக் கடலைவிட்டு இறக்கியது மனச்சாட்சியும் அல்ல. 1754-இல் திடீரென்று வந்த ஒரு நோய். அந்தத் தொழில் சிறைக்காவலன் வேலைபோல் அலுப்பூட்டியது என்றும், ஆனாலும் அது தவறு என்ற உறுத்தல் அன்றைக்கு இருக்கவில்லை என்றும் பிற்பாடு அவரே ஒளிக்காமல் எழுதினார்.

மார்ச் 22

மத்தேயு 18-இல் வரும் ஊழியக்காரனை வைத்து நியூட்டனைப் படித்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. அவனுக்குத் தள்ளுபடியான கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்தை ஏறத்தாழ 6,000 நாள் கூலியாகக் கணக்கிடுவார்கள். அப்படியானால் மொத்தம் ஆறு கோடி நாள் கூலி, எந்த மனிதனும் உழைத்துத் தீர்க்க முடியாத தொகை. அவனோ வெளியே வந்ததும் நூறு நாள் கூலி பாக்கி வைத்தவனின் தொண்டையைப் பிடிக்கிறான். உவமையில் எஜமான் அவனைத் திரும்ப வரவழைத்துத் தண்டிக்கிறார். நியூட்டன் யாருடைய கழுத்தை நெரித்தாரோ அவர்கள் அவருக்கு ஒரு காசும் கடன்பட்டவர்கள் அல்ல. அப்படியிருந்தும் அவரை யாரும் திரும்ப வரவழைக்கவில்லை. அவர் பிழைத்தார், 1764-இல் குருப்பட்டம் பெற்றார், ஓல்னி ஊரில் போதகரானார்.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு இது: புயல் நாளில் கிடைத்த இரக்கம் அவருடைய கணக்கை முடித்துவிடவில்லை, கணக்கைப் பார்க்கும் கண்ணை மெல்லத் திறக்கத் தொடங்கியது. தண்டனைக்குப் பயந்தவன் தன் குற்றத்தைப் பார்க்கவே மாட்டான். மறைப்பான், பங்குபோடுவான், காலத்தின்மேல் பழிபோடுவான். தள்ளப்படமாட்டோம் என்ற நிச்சயம் ஊறின பிறகுதான் அந்த ஏட்டைத் திறக்கத் தைரியம் வருகிறது. நியூட்டன் அதைத் திறந்தது 1788-இல், புயலுக்கு நாற்பது ஆண்டு கழித்து. ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைப் பற்றிய அவருடைய சிறுநூலில் அவர் பிறரைக் குற்றம் சாட்டவில்லை, தனக்கு எதிராகவே சாட்சி சொன்னார். நூறு டன் கப்பலில் இருநூற்றுச் சொச்சம் பேர். சுமார் ஐந்தடி உயரத் தளத்தை நடுவில் பிரித்து, இரண்டு அடுக்காகப் படுக்கவைத்த விதம். விரல்களை நசுக்கும் திருகு. எல்லாம் கண்ணால் கண்டவர், கையால் செய்தவர் சொன்ன விவரங்கள். தன் அறிக்கை காலங்கடந்து வருகிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

மார்ச் 23

நேற்று நான் எடுத்த முடிவுக்குச் சுலபமான ஒரு மறுப்பு உண்டு. 1787-இல் லண்டனில் அடிமை வியாபார ஒழிப்புச் சங்கம் தொடங்கியாயிற்று; ஜான் வெஸ்லி 1774-லேயே அடிமை முறைக்கு எதிராக எழுதிவிட்டார்; காற்று திரும்பிய பிறகு நியூட்டனும் திரும்பினார், இதில் தேவ இரக்கத்துக்கு என்ன வேலை? பாதி சரி. சுற்றியிருந்தவர்கள் பேசாவிட்டால் அவர் இன்னும் தாமதித்திருக்கலாம். ஆனால் காற்றோடு போகிறவர் பொதுவாக வியாபாரத்தைக் கண்டித்துவிட்டு நிறுத்திக்கொள்வார். அதற்குள் லண்டனில் மதிப்புமிக்க போதகராகிவிட்டவர், அறுபதைத் தாண்டிய வயதில், தன்னையே குற்றவாளியாக நிறுத்த வேண்டிய அவசியம் என்ன? அதற்குப் பொதுக்கருத்து மட்டும் காரணமாக எனக்குப் படவில்லை. இரக்கம் இலவசம் என்றால் பாவம் பெருகுமே என்ற இன்னொரு மறுப்புக்கு ரோமர் 6-இல் பவுல் பதில் சொல்லியிருக்கிறார். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

கடினமான மறுப்பு வேறு. நியூட்டனுக்குக் கண் திறக்கத் தேவன் காத்திருந்தார் என்றால், அந்தக் காத்திருப்புக்கு விலை கொடுத்தவர்கள் கீழ்த்தளத்தில் கிடந்தவர்கள். ஒருவனுக்கு நீடிய பொறுமை, நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சங்கிலி. இது என்ன இரக்கம்? ‘அவர் வழிகள் ஆராயமுடியாதவை’ என்று சொல்லி எழுந்துபோவது எனக்கு நேர்மையாகத் தெரியவில்லை. இங்கே ஒட்டோபா குகோவானோவைக் கூப்பிட வேண்டும். இன்றைய கானாக் கரையில் பிறந்து, சிறுவனாகக் கடத்தப்பட்டு, கிரெனடாவில் அடிமையாக இருந்தவர். 1773-இல், அந்தப் பாட்டு பிறந்த அதே ஆண்டில், லண்டனில் ஞானஸ்நானம் பெற்றார். நியூட்டனின் சிறுநூலுக்கு ஓராண்டு முன்பே, 1787-இல், அடிமை முறையை அடியோடு ஒழிக்கச் சொல்லிப் புத்தகம் எழுதினார். அதே தேவன், அதே வேதம். ஆனால் தேசம் முழுவதும் துக்கமும் உபவாசமும் அனுசரிக்க வேண்டும், இல்லாவிட்டால் நியாயத்தீர்ப்பு வரும் என்று அவர் எச்சரித்தார். ஆக, இரக்கம் மேல்தளத்தில் மட்டும் இருந்தது என்பது கதை சொல்கிறவர்களின் குறை. நாம் எப்போதும் கேப்டனிடமே சாட்சி கேட்டுவந்திருக்கிறோம். இந்தப் பதிலும் மறுப்பை முழுக்கத் தீர்க்காது. பதிவேட்டில் எண்ணாகப் போனவர்கள் குகோவானோவைப்போல எழுத மிஞ்சவில்லை. நியூட்டனுக்குக் கிடைத்த மன்னிப்பு அவர்களுக்குரிய நீதியை ரத்து செய்தது என்று வேதத்தில் எங்கும் நான் காணவில்லை. ஆபேலின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிட்டதைக் கேட்ட தேவன்தான் காயீன்மேல் அடையாளமும் போட்டார். அந்த அடையாளத்தால் கூப்பிடுதல் நின்றுபோனதாக ஆதியாகமம் சொல்லவில்லை.

மார்ச் 25

1807-இல் இதே நாளில் பிரிட்டனின் அடிமை வியாபாரத் தடைச் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. பார்வை மங்கிய நியூட்டன் அதுவரை உயிரோடு இருந்தார், அந்த டிசம்பரில் இறந்தார். அந்தச் சட்டம் தடுத்தது வாங்கி விற்பதை மட்டுமே. ஏற்கெனவே தீவுகளில் இறக்கப்பட்டவர்கள் அடிமைகளாகவே நீடித்தார்கள். அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் 1833-இல்தான் வந்தது. நியூட்டன் மன்னிக்கப்பட்டவராக இறந்தார் என்று ஒரு கிறிஸ்தவர் தயங்காமல் சொல்லலாம். அவருடைய கப்பலில் ஏற்றப்பட்டு அக்கரையில் உயிரோடு எஞ்சியிருந்தவர் எவராவது இருந்திருந்தால், அவருக்கு அந்த ஆண்டில் எதுவும் மாறியிருக்காது. சாட்சி சொல்கிறவர்கள் இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை. கூட்டம் ஐந்து நிமிடம் நீண்டால் பரவாயில்லை.