இங்கே தங்கு!
(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

வரலாறு என்றால் மன்னர்களும் போர்களும் ஆண்டுகளும்தாம் என்று எண்ணுவோர் நம்மில் பலர். ஒரு மக்களின் வரலாற்றைக் காட்டின் வழியாகவும் படிக்கலாம் என்று எனக்கு உணர்த்தியவை, போலந்து நாட்டையும் அங்கு வாழ்ந்த யூதர்களையும் பற்றிய சில நூல்கள். சென்ற கோடை விடுமுறை முழுவதும் அவற்றோடுதான் கழிந்தது. அந்த அனுபவத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே என் நோக்கம்.

முதலில் கைக்கு வந்தது, சைமன் ஷாமா எழுதி 1995-இல் வெளிவந்த 'நிலக்காட்சியும் நினைவும்' என்னும் பொருள்படும் ஆங்கில நூல். போலந்துக்கும் பெலாரசுக்கும் இடையே பரந்து கிடக்கும் பியாவோவியேஜா என்ற பழங்காட்டை அதில் கண்டேன். அக்காட்டில் திரிந்த கடைசிக் காட்டெருது 1919-இல் கொல்லப்பட்டது. காப்பகங்களில் எஞ்சியவற்றைப் பெருக்கி, 1952-இல் மீண்டும் காட்டில் விட்டனர். ஆசிரியரின் யூத முன்னோர் அந்த எல்லைப் பகுதியில் மரத்தொழில் செய்தவர்கள். யூதர்கள் கடைவீதியில் மட்டுமன்றிக் காட்டிலும் வியர்வை சிந்தி வாழ்ந்தவர்கள் என்பதற்கு அது சான்று.

அம்மக்களிடையே வழங்கிய ஒரு கதை என் நெஞ்சை விட்டு அகலவில்லை. துன்புறுத்தலுக்கு அஞ்சி மேற்கிலிருந்து ஓடிவந்தவர்கள் ஒரு காட்டை அடைந்தபோது, 'போ-லின்' என்றொரு குரல் கேட்டதாம். எபிரேய மொழியில் அதற்கு 'இங்கே தங்கு' என்று பொருள். அதுவே நாட்டின் பெயராயிற்று என்பர். வார்சா நகரில் 2013-இல் திறக்கப்பட்ட யூத வரலாற்று அருங்காட்சியகத்திற்கும் அப்பெயரே சூட்டப்பட்டுள்ளது.

இத்தகைய கதைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் அன்ஸ்கி என்னும் எழுத்தாளர். அன்று ரஷ்யப் பேரரசின்கீழ் இருந்த வொலீனியா, பொடோலியா பகுதிகளில் 1912 முதல் 1914 வரை கதைகளையும் பாடல்களையும் திரட்டினார். பிறப்பு முதல் இறப்பு வரையிலான வழக்கங்களைப் பற்றி 2087 கேள்விகள் கொண்ட ஒரு வினாநிரலையும் அவர் உருவாக்கினார். ஆனால் முதல் உலகப்போர் மூண்டது; விடைகளைத் திரட்ட இயலாமலே போயிற்று. நேத்தனியேல் டாய்ச் 2011-இல் அக்கேள்விகளை ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். விடையற்ற அந்தக் கேள்விகளைப் படிக்கையில், பூட்டிய வீட்டின் கதவைத் தட்டுவது போன்ற உணர்வு எழுகிறது.

விடை சொல்லியிருக்கக்கூடியவர்களின் மக்களும் பேரர்களும் என்ன ஆனார்கள்? 1939-இல் போலந்தில் வாழ்ந்த யூதர் சுமார் 33 லட்சம். நாஜிகள் அவர்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேரைக் கொன்றனர். போருக்கு முன் போலந்தின் ஆட்சியில் இருந்த வில்னா நகருக்கு அருகே, பொனாரிக் காட்டில் பல்லாயிரவரைக் குழிகளின் ஓரத்தில் நிறுத்திச் சுட்டனர். 'இங்கே தங்கு' என்று கதையில் அழைத்த காடு, அங்கே புதைகுழியாயிற்று.

மற்றொரு காட்டின் கதையோ வேறு. நெகாமா டெக் 1993-இல் எழுதிய நூல், பியெல்ஸ்கி சகோதரர்களைப் பற்றியது. பெற்றோரைப் பறிகொடுத்த அவர்கள், இன்றைய பெலாரசில் உள்ள நலிபோக்கிக் காட்டில் முதியோர், பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் வந்தவர்க்கெல்லாம் இடம் தந்தனர். அங்கே ரொட்டி அடுப்பும் பட்டறைகளும் பள்ளியும் இருந்தன. 1944-இல் சுமார் 1200 பேர் உயிரோடு வெளியே வந்தனர்.

மரங்கள் யாரையும் காப்பதுமில்லை; கொல்வதுமில்லை. நிழலையும் மறைவையும் மட்டுமே அவை தரும். 'இங்கே தங்கு' என்று சொல்ல மனிதனின் நாவு வேண்டும். நலிபோக்கியில் அதைச் சொன்னவர்கள், தாமே உயிருக்கு ஒளிந்திருந்தவர்கள்!

வரலாறு பயிலும் நண்பர்களே, அன்ஸ்கியின் வினாநிரல் நமக்கும் ஒரு பாடம். விடை சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். நாளை கேட்கலாம் என்று விட்ட கேள்விகளுக்கு நூலகத்தில் விடை கிடைப்பதில்லை.