குறைத்தலில் நிறைவு

திண்டிவனத்தில் ஒரு திருமண இன்னிசை நிகழ்ச்சி. நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் பாடலை நண்பர் பாட, நான் பேஸ் கிதார் வாசித்தேன். என் வாசிப்பு தனித்துக் கேட்கவேண்டும் என்னும் ஆசையில் 'டோன்' குமிழை முழுவதும் திறந்திருந்தேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "தம்பி, பாட்டின் சொல்லே விளங்கவில்லையே!" என்றார். நாணினேன்.

1951இல் வெளிவந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸிலேயே இக்குமிழ் உண்டு. மின்கலம் இல்லாத இத்தகைய கருவிகளில் அது ஆழ்ந்த ஒலியைக் கூட்டுவதில்லை. மின்தேக்கியின் துணையால் உச்ச அதிர்வுகளைக் கழிக்கிறது. எஞ்சுவதே ஆழம்.

குமிழைத் திருகினேன். தந்தியின் உலோகக் கூர்மை அடங்கிற்று, சொற்கள் தெளிந்தன. பெரியவர் தலையசைத்தார்.

விழுப்புரம் திரும்பும் பேருந்தில் எண்ணிப் பார்த்தேன்: பிறர் குரல் கேட்கும்பொருட்டுத் தன் கூர்மையைக் குறைத்துக்கொள்வதும் கலையே அன்றோ!